எண்பத்திரண்டு சதவீத ராக்கம்மா

ராக்கம்மா என்று தனியாக ஒருத்தி கிடையாது என்று நிரூபிக்கத்தான் எங்களை அமர்த்தியிருந்தார்கள். அவளோ எங்களுக்கு நேர் எதிரே நின்று கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேஸ் முடிஞ்சிருச்சி ஆச்சி," என்றேன். "ஆளு இருக்கு. கோழிகூட ஒத்துக்குது. வாங்க, சிரம்பான் போயி கோப்பி குடிப்போம்."

ஆவுடையம்மை ஆச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. ஐம்பது வயது, கண்டாங்கிச் சேலை, கையில் என்னுடைய இரண்டாவது ஹெல்மெட். குடும்பத்தில் எல்லாரும் சிரம்பானில் ஜவுளி, மளிகை என்று வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் அண்ணன் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். குடும்பம் இதை வெளியில் சொல்வதில்லை. நான் அமிர்தலிங்கம். செனாவாங் தொழிற்சாலையில் ரேடியோவுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் வாய் ஓய்வதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆச்சிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். வாய் இன்னும் ஓயவில்லை.

விஷயம் இதுதான். ரந்தாவ் பக்கத்தில் லெம்பா பிஞ்சாய் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் மரம் இருந்த இடத்தில் பணக்காரர்கள் பந்தைக் குழிக்குள் தள்ளி விளையாடப் போகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு மலிவு வீடு என்று வாக்கு கொடுத்து, செனாவாங் ஓரத்தில் வரிசையாகக் கட்டியும் விட்டார்கள். யார் யாருக்கு வீடு என்று பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அது ராக்கம்மாவைப் பார்த்து, ஒரே ஆள் இரண்டு பெயரில் வீடு கேட்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டது. இதை விசாரித்து உறுதிப்படுத்தி எழுத்தில் கொடுங்கள் என்று வீட்டுத் திட்டத்தின் டைரக்டர் விசுவநாதன் ஆச்சியை அழைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலாம் வருஷம். கம்ப்யூட்டர் சொன்னால் கடவுள் சொன்ன மாதிரி. கடவுளிடமாவது கோபித்துக்கொள்ளலாம்.

"ஒம்மேல என்ன சொல்றாங்கன்னு தெரியுமா?" என்று ஆச்சி கேட்டார்.

ராக்கம்மா தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள். "தெரியும். நான் எங்கண்ணனாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆச்சி முறைத்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

"ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க. எங்கண்ணன் ராக்கப்பன், முன்ன இங்க ரப்பர் மரத்துல பால் வெட்டுச்சி, இப்ப சுங்கை காடுட் ஃபேக்டரியில வேல. அதுவும் நானும் ஒரே ஆளாம். அதுக்குச் சாவி குடுத்தாச்சாம், எனக்கு இல்லையாம். அந்த ஆளுகூட நான் வருஷக்கணக்கா பேசுறது இல்ல. எங்கம்மா செத்தப்பக்கூட ஆளுக்கொரு பக்கமா நின்னுதான் அழுதோம். இப்ப ரெண்டு பேரும் ஒன்னாம்!"

"குடும்பத்தச் சேத்து வெக்கப் பாக்குது," என்றேன். "நல்ல கம்ப்யூட்டர்."

"நீங்க சும்மா இருங்க தம்பி. திங்கக்கெழம இந்த லயத்த இடிக்கிறாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நான் எங்க போயி நிக்கிறது? வீட்டுக்காரரும் இல்ல. இதுல போலீஸ்ல வேற ரிப்போர்ட் குடுப்பாங்களாம், ஏமாத்துக்காரின்னு." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. எனக்கும் சிரித்தது போதும் என்றாகிவிட்டது. நானும் இந்த மாதிரி தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன்தான். கூரை போவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

ஆச்சி மெதுவாகக் கேட்டார். "அண்ணன் ராக்கப்பன், நீ ராக்கம்மா. யாரு வெச்ச பேரு?"

"எங்கப்பா வீரமுத்து. எங்களுக்கு ராக்காயி குலதெய்வம். பொறந்ததுக்கெல்லாம் ராக்குதான். இன்னொன்னு பொறந்திருந்தா அதும் ராக்குதான்."

"ஒன்ன மாதிரி வேற யாருக்கெல்லாம் வீடு இல்லன்னாங்க?"

"திருநாவுக்கரசு மக பஞ்சாலைக்குக் கெடச்சிச்சி. அவ தங்கச்சி வள்ளிக்கு இல்ல. ரெண்டும் ஒரே ஆளாம். கோவிந்தசாமி மவனுங்க ரெண்டு பேருல ஒருத்தனுக்கு இல்ல."

"கூடப்பொறந்தவங்க எல்லாருக்கும் இப்படித்தானா?"

"இல்லையே. முத்து மவனுங்க மூணு பேருக்கும் கெடச்சிருச்சி. காளி மகளுங்க ரெண்டுக்கும் கெடச்சிருச்சி."

ஆச்சி என்னைப் பார்த்தார். "லிங்கம், என்ன தெரியுது?"

"முத்து லஞ்சம் குடுத்திருக்காரு."

"முத்துகிட்ட என்ன இருக்கு?"

"மூணு மவனும் ஒரு ஆடும்."

"அப்ப ஆட்டக் குடுத்திருப்பாரா?"

எட்டிப் பார்த்தேன். "ஆடு கட்டுத்தறியிலதான் நிக்குது ஆச்சி."

"அப்ப லஞ்சம் இல்ல. வீடு போனவங்க அப்பன் பேரெல்லாம் சொல்லிப் பாரு."

சொன்னேன். "வீரமுத்து. திருநாவுக்கரசு. கோவிந்தசாமி."

"வீடு கெடச்சவங்க?"

"முத்து. காளி."

"என்ன தெரியுது?"

"மூச்சு வாங்குறது தெரியுது. மொத மூணும் நீளம்."

"அதான்," என்று ஆச்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "அப்பன் பேரு நீளமா இருந்தா புள்ளைக்கு வீடு இல்ல. இப்படி ஒரு சட்டத்த எந்த மனுஷனும் போட மாட்டான். வா, போட்டது யாருன்னு கேப்போம்."

*

வீட்டுத் திட்ட ஆபீஸ் செனாவாங்கில். வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் வேர்த்து ஒழுகிக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர் ஏர்கானில் சுகமாக உட்கார்ந்திருந்தது. அதற்குச் சூடு ஆகாதாம். மனுஷனுக்கு ஆகும்.

அதைப் பார்த்துக்கொள்பவன் கணேசமூர்த்தி. டை கட்டியிருந்தான். யாரும் அவனிடம் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்பதில்லை போலிருக்கிறது. ஆச்சி கேட்டதும் பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தோட்டத்துல கணக்கெழுதுற கிராணிங்க பேரு எழுதுன லட்சணத்தப் பாருங்க ஆச்சி. முத்துலெட்சுமின்னு ஒரே அம்மா. ஒரு எடத்துல லெச்சுமி, ஒரு எடத்துல லெட்சிமி, இன்னொரு எடத்துல லக்ஷ்மி. இங்கிலீஷ் எழுத்துல மூணும் மூணு விதம். எழுத்துக்கு எழுத்து சரியா இருந்தாத்தான் ஒரே ஆளுன்னு சொன்னா, அந்தம்மா மூணு பேரா ஆயிருவாங்க. மூணு வீடு!"

"ஐ.சி. அடையாளக் கார்டு நம்பர வெச்சிப் பாக்கக்கூடாதா?"

"பாதிப் பேருக்கு நம்பரே எழுதல. மீதிப் பேருக்கு எழுதுனது தப்பு. அதனாலதான் பேரு. ரெண்டு பேரு கிட்டத்தட்ட ஒத்துப்போனா ஒரே ஆளுன்னு எடுத்துக்கும்."

"கிட்டத்தட்டன்னா எவ்வளவு கிட்ட?"

"எம்பது பெர்சன்ட். அதுக்கு மேல போனா ஒன்னாச் சேத்து, பின்னால உள்ளத வெட்டிரும்."

"ராக்கம்மாவையும் ராக்கப்பனையும் போட்டுக் காட்டு."

தட்டினான். பச்சை எழுத்தில் எண்பத்திரண்டு என்று வந்தது.

"பஞ்சாலையும் வள்ளியும்?"

அதற்கும் எண்பத்திரண்டு.

"இது என்ன லா!" என்றேன். "பஞ்சாலைக்கும் வள்ளிக்கும் என்ன ஒத்துமை?"

"அப்பா," என்றான் கணேசமூர்த்தி.

எங்கள் மலாய் நாட்டில் பெயர் என்றால் அப்பா பெயரும் சேர்ந்ததுதான். நடுவில் மகனுக்கு ஏ.எல்., மகளுக்கு ஏ.பி. கம்ப்யூட்டர் அந்த முழு நீளத்தையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறது. இங்கிலீஷில் வள்ளிக்கு ஐந்து எழுத்து, திருநாவுக்கரசுக்குப் பதினாறு. வள்ளி தலைகீழாக நின்றாலும் அப்பா பெயரே முக்கால்வாசி ஓட்டு வாங்கிக்கொண்டு போய்விடும். முத்துவின் மகன்கள் எழுபதைக்கூடத் தாண்டவில்லை. ஆசையாக, வாய் நிறைய வரும்படி மகனுக்குத் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்த அந்தத் தாத்தா பாட்டிக்கு, ஒரு நாள் அதனால் பேத்தியே காணாமல் போவாள் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

"எம்பதுன்னு முடிவு பண்ணது யாரு?" என்றார் ஆச்சி.

"யாரும் பண்ணல ஆச்சி. அது டீஃபால்ட்."

"அப்படின்னா?"

"நாம எதையும் தொடாட்டி தானா இருக்கிற நம்பர்."

தானாக! இந்த வட்டாரத்தில் ரோட்டுக் குழிகூடத் தானாக வந்து நான் பார்த்ததில்லை. லாரி வந்துதான் குழி வருகிறது. எண்பது மட்டும் எங்கிருந்தோ நடந்து வந்து கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டதாம்.

ஆச்சி விடவில்லை. "தானா இருக்கிறதும் யாராச்சும் வெச்சதுதானே?"

"சாஃப்ட்வேர் செஞ்ச வெள்ளக்காரன் வெச்சிருப்பான்."

"அவன் ஊர்ல புள்ள பேருக்குப் பின்னால அப்பன் பேரு முழுசா வருமா?"

"வராது. குடும்பப் பேரு ஒன்னு, சின்னதா."

"அப்ப வள்ளிய அவன் நெனைச்சே பாக்கல."

"முடிஞ்சிருச்சி," என்றேன். "குற்றவாளி லண்டன்ல இருக்கான். ரெண்டு டிக்கெட் போடச் சொல்லுங்க ஆச்சி. நான் ஜன்னல் பக்கம்."

ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் இப்படி உட்கார்ந்தால், யாருக்கோ எழுந்திருக்க முடியாத நிலைமை வரப்போகிறது என்று அர்த்தம்.

"தம்பி, எத்தனை வீடு கட்டியிருக்கீங்க?"

"நூத்தி நாப்பது."

"வெட்டிக் கழிச்சி மிஞ்சுன ஆளுங்க?"

கணேசமூர்த்தி திரையைப் பார்த்தான். "நூத்தி நாப்பது."

"ஒன்னு கூடல? ஒன்னு கொறையல?"

அவன் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான். அதே நம்பர்.

"கோயில் அன்னதானத்துக்கு வருஷா வருஷம் நானே எலை எண்ணி வாங்குறேன்," என்றார் ஆச்சி. "ஒரு தடவகூட ஆளும் எலையும் சரியா நின்னது கெடையாது. ஒங்க வெள்ளக்காரன் மட்டும் லண்டன்ல ஒக்காந்துக்கிட்டு, லெம்பா பிஞ்சாயில எத்தனை வீடு கட்டுவாங்கன்னு தெரிஞ்சி எம்பதுன்னு வெச்சானா?" குனிந்து திரையின் கீழ் வரியைப் பார்த்தார். "இதுல என்னமோ எழுதியிருக்கே. எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. இந்தப் பட்டன அமுக்குனா என்ன ஆகும்?"

"ஆச்சி, அத அமுக்கா—"

அமுக்கிவிட்டார். ஆச்சிக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். கான்வென்டில் படித்தவர்.

திரையில் எண்பது மறைந்தது. அந்த இடத்தில் தொண்ணூறு வந்து நின்றது. 'டீஃபால்ட் திரும்ப வைக்கப்பட்டது' என்று கீழே ஒரு வரி, மரியாதையாக.

"ஆக, டீஃபால்ட் தொண்ணூறு," என்றேன். "லண்டன்காரன் நிரபராதி. டிக்கெட் வேணாம்."

கணேசமூர்த்தி முகத்தில் ரத்தம் இல்லை. "நான் எறக்கல ஆச்சி. சத்தியமா. ஒரு திங்கக்கெழம வந்து பாத்தப்ப எம்பதா இருந்துச்சி. பாஸ்கிட்ட கேட்டேன். 'அது டீஃபால்ட்தான், ஒன் வேலையப் பாரு'ன்னாரு. நான் பாத்தேன்."

"இந்த ரூம் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒன்னு. பாஸ்கிட்ட ஒன்னு."

பாஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

*

விசுவநாதன் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் இருந்தார். அவருடைய வால்வோ காரும் அப்படித்தான் இருக்கும்.

"என்ன ஆச்சி, என் ஆபீசுக்கே துப்பறிய வந்துட்டீங்க?" என்று சிரித்தார்.

"கம்ப்யூட்டர்ல நம்பர எறக்கியிருக்காங்க அண்ணே."

"அப்படியா?" அவர் கணேசமூர்த்தியைப் பார்த்த பார்வையில் அந்தப் பையனுடைய டை சுருங்கியது. "எனக்கு இந்த மெஷின ஆன் பண்ணக்கூடத் தெரியாது. எல்லாம் இவன் கையில விட்டதுதான் தப்பு. இன்னைக்கே போலீஸ்ல சொல்லிருவோம். ஒங்க வேலை சுலபமாயிருச்சி ஆச்சி."

"பாஸ், நான் இல்ல பாஸ்," என்றான் அவன். அழுதுவிடுவான் போல் இருந்தது.

காலையில் ராக்கம்மா ஏமாற்றுக்காரி. சாயங்காலம் கணேசமூர்த்தி. மடிப்புக் கலையாத ஆட்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஏமாற்றுக்காரன் தயாராகக் கிடைத்துவிடுகிறான்.

"போலீசுக்கு அப்புறம் சொல்லலாம்," என்றார் ஆச்சி. "தம்பி, வீடு கெடச்சவங்க பேர மேல இருந்து காட்டு. கார்னர் வீடு ரெண்டு யாருக்கு?"

கணேசமூர்த்தி தட்டினான். முதல் வீடு, அருணாச்சலம் மகன் விசுவநாதன். இரண்டாவது வீடு, அருணாச்சலம் மகன் விசுவநாதன்.

"ஒரே பேரு ரெண்டு தடவ வந்திருச்சி," என்றேன். "கம்ப்யூட்டருக்கு விக்கல்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்," என்றான் கணேசமூர்த்தி அவசரமாக. "ஒன்ன அழிக்கப் பாத்தேன். அழிய மாட்டேங்குது. பக்கத்துல ஒரு கே போட்டிருக்கு பாருங்க. மலாய்ல கெச்சுவாலி. அந்தப் பேர ஒப்பிடாம விட்டுரணும்னு அர்த்தம். நான் போடல."

ஆச்சி விசுவநாதனைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அண்ணே, பேரனுக்கு என்ன வயசு?"

விசுவநாதன் சிரிக்கவில்லை.

"லிங்கம், ஒனக்குத் தெரியாது. அண்ணனும் நானும் ஒரே சனம், எங்க பக்கத்துல அப்பா பேரத்தான் மகனுக்கு வெப்போம். அண்ணனோட அப்பா அருணாச்சலம். அதனால அண்ணனோட மகன் அருணாச்சலம். அந்த மகனுக்கு மகன் பொறந்தா?"

"திரும்ப விசுவநாதன்," என்றேன். எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"அருணாச்சலம் மகன் விசுவநாதன் தாத்தா. அருணாச்சலம் மகன் விசுவநாதன் பேரன். எழுத்துக்கு எழுத்து ஒன்னு. நூத்துக்கு நூறு. எங்க குடும்பத்துலயும் இப்படித்தான், வெளியாளுங்க பாதிப் பேருக்குத் தாத்தா யாரு பேரன் யாருன்னே தெரியாது." ஆச்சி எழுந்து நின்றார். "ராக்கம்மாவுக்கும் அவ அண்ணனுக்கும் எம்பத்திரண்டு. ஒரே ஆளுன்னு வெட்டியாச்சி. ஒங்களுக்கும் பேரனுக்கும் நூறு. வெட்டல. அந்தக் கேயப் போட்டவருக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். எம்பதுன்னு வெச்சா யார் யாரு விழுவாங்கங்கிறது ஒன்னு. விசுவநாதன் ரெண்டு பேரு இருக்காங்கங்கிறது இன்னொன்னு. கணேசமூர்த்திக்கு ரெண்டாவது தெரியாது. தெரிஞ்சிருந்தா அழிக்கப் போயிருக்க மாட்டான்."

விசுவநாதன் ஏர்கானுக்குப் பக்கமாக நகர்ந்து நின்றார்.

நான் திரையில் இன்னொரு பத்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். "ஆச்சி, வேலைன்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டாவது விசுவநாதனுக்கு என்ன போட்டிருக்கு தெரியுமா? பால் வெட்டு."

"கொழந்தைக்கு ஏழு மாசம்," என்றார் ஆச்சி. "பேரு வெச்ச விருந்துக்கு நானே போயிருந்தேன்."

"பொய் சொல்லல ஆச்சி. பால் சம்பந்தப்பட்ட வேலைதான். குடிக்கிற பக்கம்."

விசுவநாதன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சட்டை மடிப்பு முதல் தடவையாகக் கலைந்தது.

"என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். குரலில் இப்போது குழைவு இல்லை. "தோட்டத்துல நூத்தி அறுபது பேருக்கு மேல. வீடு நூத்தி நாப்பதுதான் கட்ட முடிஞ்சிச்சி. திங்கக்கெழம லேபர் ஆபீசர் வந்து, எல்லாருக்கும் வீடு குடுத்தாச்சான்னு பாத்துக் கையெழுத்துப் போடணும். தொண்ணூறுல வெச்சா ஏமாத்துறவன் ரெண்டு வீடு வாங்கிட்டுப் போவான். ஏதோ ஒரு நம்பர் வெச்சுத்தானே ஆகணும்?"

"வெச்சுத்தான் ஆகணும்," என்றார் ஆச்சி. "எந்த நம்பர் வெச்சாலும் தப்பு வரும். மேல வெச்சா ஒரு ஏமாத்துக்காரனுக்கு வீடு கூடும். கீழ வெச்சா ஒரு நல்ல ஆளுக்கு வீடே போயிரும். இதுல எந்தத் தப்பு நடந்தா பரவாயில்லன்னு முடிவு பண்றதுதாண்ணே அந்த நம்பர். நீங்க முடிவு பண்ணிட்டீங்க. பண்ணிட்டு, நான் எதையும் தொடலன்னு சொல்றீங்க. பேரு கிட்டத்தட்ட ஒன்னா இருந்தா கம்ப்யூட்டரு சந்தேகப்படட்டும், தப்பில்ல. வெட்டுறதுக்கு முன்னால ஒரு ஆளு லயத்துக்குப் போயி ரெண்டு வீட்டுக் கதவையும் தட்டியிருந்தா என்ன? ரெண்டு கதவும் தொறந்திருக்கும்."

"நான் ஒங்கள எனக்காகக் கூப்பிட்டேன் ஆச்சி. நம்ம ஆளுன்னு நம்பிக் கூப்பிட்டேன்."

"நம்ம ஆளு எழுதிக் குடுத்தா லேபர் ஆபீசர் மேல கேக்க மாட்டாருன்னு கூப்பிட்டீங்க," என்றார் ஆச்சி. அவருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. முகம் சிவந்துவிட்டது. "ராக்கம்மா ஒரு ஆளா, ரெண்டு ஆளான்னு கேட்டீங்க. விசாரிச்சிட்டேன். ராக்கம்மா ஒரு ஆளு. ராக்கப்பன் ஒரு ஆளு. ரிப்போர்ட்ட திங்கக்கெழம ஆபீசர் கையிலயே குடுக்குறேன். பால் வெட்டுற பேரனையும் சேத்து எழுதட்டுமா, வேணாமா?"

அதற்கப்புறம் ஆச்சி சொல்லச் சொல்ல விசுவநாதன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டியலை மேலும் பார்த்ததில், இந்த இரண்டையும் சேர்த்து அவருடைய குடும்பத்துக்கு ஒதுக்கியது எட்டு வீடு; எட்டும் வெட்டுப்பட்டவர்களுக்கு. மீதிப் பேருக்கு வீடு கட்டி முடிக்கும் வரை அவர்கள் லயத்தில் புல்டோசர் கை வைக்கக் கூடாது. ஒத்துப்போகிற ஒவ்வொரு பெயருக்கும் கணேசமூர்த்தி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கணேசமூர்த்தி டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான்.

"இன்னொன்னு," என்றார் ஆச்சி. "இந்த எட்டுல மொதச் சாவிய நீங்களே கொண்டுபோயி குடுக்குறீங்க. இப்பவே."

"ஆளுகிட்ட குடுத்து அனுப்புறேனே ஆச்சி."

"கதவத் தட்டுறதுன்னா என்னன்னு நீங்களும் ஒரு தடவ பழகுங்க அண்ணே."

*

வெயில் சாயும் நேரத்தில் வால்வோ தோட்டத்துச் செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி வந்தது. பின்னாலேயே நாங்கள் மோட்டாரில், அது கிளப்பிய புழுதி முழுவதையும் தின்றுகொண்டு. லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். ராக்கம்மா தன் வீட்டு வாசலில் இரண்டு பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றாள். போலீஸ்தான் வருகிறது என்று நினைத்திருந்தாள்.

விசுவநாதன் காரை விட்டு இறங்கி, அவள் முன்னால் போய் நின்றார். பளபளக்கிற ஷூவில் செம்மண் ஏறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு சாவியை நீட்டினார்.

"ஒனக்குத்தாம்மா. கார்னர் வீடு."

ராக்கம்மா சாவியைத் தொடவில்லை. "எனக்கா? எங்கண்ணனுக்கா?"

"ஒனக்குத்தான். அவருக்குத் தனியாக் குடுத்தாச்சி."

"நான் வேற, அவரு வேறன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. பெரிய பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கண்ணைக் கசக்கினேன். புழுதி என்று சொல்லிக்கொண்டேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் விசுவநாதனுக்கு நல்லது. ஊரே கூடி நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பழையபடி பேச்சு வந்துவிட்டது.

"இதுல யாரு மேலயும் தப்பு இல்லம்மா," என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "யாரும் வேணும்னு செய்யல. எல்லாம் டீஃபால்ட். அதுதான் ஒன் பேர வெட்டிருச்சி."

ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாருங்க அந்த டிபால்ட்டு?"

விசுவநாதன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல, கேக்குறேன். என்னைய இல்லன்னு சொன்னவரு. என் புள்ளைங்கள ரோட்டுல நிறுத்தப் பாத்தவரு. நான் உசுரோட இங்கன நிக்கிறப்ப, ஒரு தடவகூட வந்து பாக்காம என் பேர வெட்டுனவரு. அவரு மூஞ்சிய நான் பாக்கணும். ஒரே ஒரு தடவ இங்க வரச் சொல்லுங்க."

விசுவநாதன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மூஞ்சியத்தான் நீ பாத்துக்கிட்டு இருக்கே, ராக்கம்மா," என்றார் ஆச்சி.

ராக்கம்மா விசுவநாதனை மேலும் கீழும் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ஆச்சி, உள்ள வாங்க. தம்பி, நீங்களும் வாங்க. தேத்தண்ணி போடுறேன், குடிச்சிட்டுத்தான் போகணும்."

நாங்கள் உள்ளே போனோம். வாசலில் நின்ற மனிதரை யாரும் வாங்க என்று சொல்லவில்லை.